கரி மேல் எழுதிய நம்பர்

என் மனைவியின் கார் புகை கக்க ஆரம்பித்ததும் அவள் தன் அண்ணனின் பட்டறைக்குப் போன் போடப் போனாள். நான் தடுத்தேன். இருபது வருட மெக்கானிக்கின் வீட்டு வண்டி மச்சான் பட்டறையில் நின்றால் என் மானம் என்னாவது? முன்பு ஒருமுறை அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டியவரும் அவர்தான். அந்த வேலையின் லட்சணம்தான் இந்தப் புகை என்று சொல்லிவைத்தேன். நான் சொதப்பினால் வண்டி இனி அண்ணனிடம்தான் என்றாள். சரி என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

பிஸ்டன்கள் நான்கையும் கழற்றினேன். ஓடித் தேய்ந்த பிஸ்டன் அதனதன் சிலிண்டருக்கே திரும்பப் போக வேண்டும், மாறினால் வம்பு. அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதினேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தலையில் படிந்த கரியைச் சுரண்டி, பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளங்களையும் உடைந்த ரிங் துண்டால் வழித்தேன். நான்கும் பளபளத்தன. எது எந்த நம்பர் என்று குனிந்தபோதுதான் உறைத்தது. நான் எழுதியது கரியின் மேல்.

அந்த நேரம் பார்த்து, பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து அவள் வந்து நின்றாள். பல்லில் படிந்த காரையை எடுப்பதுதான் அங்கே அவள் வேலை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"காரை எடுக்கறது எப்படின்னு எங்கிட்ட கேட்டிருக்கலாம். காரை உங்ககிட்ட விட்டது என் தப்பு."

சொல்லிக்கொண்டே ஒரு பிஸ்டனைக் கவிழ்த்தாள். காரை ஒளிந்திருப்பது பல்லின் உள்பக்கத்தில்தானாம், தொழில் பழக்கம். நானோ வெளியே தெரியாத இடம் என்று உள்பக்கத்தைத் தொடவே இல்லை. அவள் துணியால் துடைத்ததும் எண்ணெய்க் கறைக்கடியில் ஆணியால் கீறிய மூன்றாம் நம்பர் தெரிந்தது. மற்றவற்றிலும் நம்பர் இருந்தது. மச்சான் கையெழுத்து.

புது ரிங் போட்டு மாட்டினேன். புகை நின்றது. அவள் போனைக் கையில் திணித்து, அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனாள். மென்று முழுங்கிச் சொல்லி முடித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நானும் கரி மேலதான் எழுதிட்டேன் மாப்பிள்ளை. அப்புறம் குத்துமதிப்பா உள்ள நம்பரைக் கீறி மாட்டிட்டேன். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்."

அவள் திரும்பி வந்து அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டாள். இத்தனை நாள் அவர் வேலையைப் பற்றி நான் அளந்ததற்கெல்லாம் ஆதாரம் கையில் இருந்தது. அவரை முதல்முறையாகப் பிடித்தும் போயிருந்தது.

"உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்" என்றேன்.