பிள்ளையார் கோயிலோடு திரும்பாத பஸ்

பஸ் என்றாலே காசியம்மாளுக்கு வயிற்றெரிச்சல். படாளத்திலிருந்து வருகிற வண்டி ஊர்ப் பிள்ளையார் கோயிலோடு திரும்பிவிடும். காலனிக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் ஏரிக்கரை ரோட்டுச் சேற்றில் நடந்துபோய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் சீட்டெல்லாம் பிடித்திருப்பார்கள், இவர்களுக்குக் கம்பிதான். பல நாள் அதுவும் இல்லை, வண்டியே போயிருக்கும். மகள் ரெஜினா மறைமலைநகர்த் தையல் கம்பெனிக்கு ஐந்து மாதத்தில் ஒன்பது முறை தாமதமாகப் போய்விட்டாள். பத்தாவது முறை வந்தால் அப்படியே திரும்பிவிடச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு வருஷமாக மனு போட்டதற்கு, வண்டி திருப்ப இடமில்லை என்ற ஒரே பதில். சரி என்று இரண்டாயிரத்து ஒன்றில் காலனியே கூடி மாதா கோயில் மதிலை இடித்து இடம் பண்ணியது. அதற்குமேல் சாக்குச் சொல்ல பஸ் டிப்போக்காரர்களுக்கும் வழியில்லை. திங்கட்கிழமை சோதனை ஓட்டம். கூடவே வருகிற அதிகாரி சரியென்று எழுதினால் தினமும் பஸ்.

காசியம்மாளின் புருஷன் தேவசகாயம் சும்மா இருப்பாரா? காலனி முனையில் இரண்டு பக்கமும் வாழைமரம் நட்டு, குறுக்கே சவுக்குக்கழி கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்.

ஆறே முக்காலுக்குப் பஸ் வந்தது. தோரணத்துக்கு முன்னால் நின்றது. கழி சரியாக டிரைவரின் முகத்துக்கு நேரே இருந்தது. அதிகாரி நோட்டைத் திறந்தார். வழியில்லை என்று எழுதிவிட்டால் இன்னும் பதினோரு வருஷம்.

"இன்னாயா, பஸ்ஸுக்குக் கட்னியா, மாப்பிள்ளைக்குக் கட்னியா?" என்று புருஷன்மேல் பாய்ந்தாள் காசியம்மாள்.

"எட்ட நின்னே பாத்த வண்டி. ஒசரம் இன்னா தெரியும் எனுக்கு?" என்றார் தேவசகாயம்.

அவள் வீட்டுக்கு ஓடி, நெல்லறுக்கிற அரிவாளோடு வந்து, இரண்டு பக்கமும் கயிற்றை அறுத்தாள். கழி விழுந்தது. பஸ் மாவிலையை மிதித்துக்கொண்டு உள்ளே போய், மாதா கோயில் முன்னால் ஒரே வளைப்பில் திரும்பியது. அதிகாரி எழுதிக்கொண்டே தலையாட்டினார். காசியம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, கூடவே அழுகையும்.

அன்று அவளுக்கு எங்கும் போக வேலையில்லை. இருந்தும் மகளோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

பிள்ளையார் கோயிலில் ஊர்ப் பெரியதனக்காரர் சுப்பிரமணி ஏறினார். பழக்கத்தில் நேரே முன்சீட்டுக்கு வந்து நின்று பார்த்தார். வண்டி முழுக்கக் காலனிக்காரர்கள். ரெஜினா எழுந்திருக்கப் போனாள். காசியம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சீட்டு இல்லண்ணா. கம்பியப் புடிச்சிக்கோங்க."

அவர் பிடித்துக்கொண்டார். பஸ் கிளம்பியது.