தளர்த்தாத வில்

மழை பிடித்த நாளிலிருந்து வயலின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. தந்திகளை முறுக்கும் பிருடைகள் ஊறிப்போய், எவ்வளவு திருகினாலும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தன. பலத்தைக் கூட்டினால் ஒரேயடியாகச் சுற்றிக்கொண்டு தந்தியைக் கீச்சென்று கத்த வைத்தன. வில்லின் கதை இன்னும் மோசம். அதிலுள்ள குதிரைவால் முடி ஈரத்தைக் குடித்துக் குடித்து நீண்டு தொய்ந்துவிட்டது. வில்லின் அடியிலிருக்கும் திருகை அவள் முறுக்கினாள். மறுநாள் இன்னும் தொய்ந்தது. இன்னும் முறுக்கினாள்.

சாதாரண நாளாக இருந்தால் பெட்டியை மூடி வைத்துவிட்டு, மழை விட்டதும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சனிக்கிழமை மாலை தேர்வு. நகரத்துப் பெரிய வாத்தியக் குழுவில் ஒரே ஒரு நிரந்தர நாற்காலி காலியாகியிருந்தது. இத்தனை வருடமும் அவள் அங்கே மாற்று ஆள்தான். வயலின்காரர் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவளுக்கு போன் வரும். அடுத்தவர் காய்ச்சலை நம்பிப் பிழைப்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

வாசித்துப் பழக வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பின்னறை. அங்கேதான் துவைத்த துணியும் கொடி முழுக்கத் தொங்கியது. சட்டை ஒரு பக்கம் சொட்டும், பாவாடை இன்னொரு பக்கம் சொட்டும். நடுவில் நின்று அவள் வாசிப்பாள்.

"ஈரம்தானே பிரச்சனை? அதை விட்டுட்டு அந்தக் கட்டையை ஏன் திட்டுற?" என்றார் கணவர். அவர் ஏசி மெக்கானிக். காற்று சம்பந்தப்பட்ட எதுவும் தன் இலாகா என்ற நினைப்பு அவருக்கு.

"கட்டைன்னு சொல்லாதீங்க."

"சரிம்மா, வயலின். ஈரத்தை உறிஞ்சுற மிஷின் ஒண்ணு கடையில சும்மா கிடக்கு. கொண்டாந்து வைக்கிறேன்."

"வைங்க. ஆனா மெதுவா. மரம் திடீர்னு காஞ்சா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"எங்கிட்டயே சொல்றியா?"

இந்த வார்த்தையைக் கேட்டதுமே அவள் சுதாரித்திருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் போன வருடம் மிக்ஸியைப் புகைய விட்டார். ஆனால் கை வலிக்க வலிக்க வாசித்திருந்த அசதி. வில்லைப் பெட்டிக்குள் செருகினாள், காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்தே விட்டாள், போய்ப் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் பின்னறையில் துணியெல்லாம் அட்டை மாதிரி விறைத்து நின்றது. கணவர் கையில் வாளியோடு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பாரு, ஒரு வாளித் தண்ணி! எல்லாம் காத்துல இருந்தது! முழு வேகத்துல வெச்சு விட்டேன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிருடைகள் தளர்ந்து தந்திகள் கொடியாகக் கிடந்தன. தந்திகளைத் தாங்கும் குதிரை குப்புற விழுந்திருந்தது. வயலினின் அடிப்பலகை ஓரத்தில் பசை விட்டு, நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. வில்லின் தலை முறிந்து முடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவான்னு சொன்னேனா இல்லையா?"

"ஈரம் போயிடுச்சுல்ல?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

பேருந்தில் போகும் வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன், மிக்ஸி, போன வருடம், அதற்கு முந்தைய வருடம் என்று எல்லாம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இடையில் இறங்கிவிட்டார். கணவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

வயலின் பழுது பார்க்கும் அம்மாளைக் குழுவில் எல்லோரும் பசையம்மா என்றுதான் சொல்வார்கள். நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அவர் வயலினைத் திருப்பிப் பார்த்தார்.

"பசை விட்டதே நல்லதுக்குத்தான். இல்லேன்னா பலகை பிளந்திருக்கும். மத்தியானத்துக்குள்ள ஒட்டித் தர்றேன்." பிறகு வில்லைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. "காஞ்சா முடி சுருங்கும். தளர்த்தி வெச்சிருந்தா சுருங்கிட்டுப் போகட்டும்னு விடலாம். இது முறுக்கினபடியே இருந்திருக்கு. இழுத்து முறிச்சிருச்சு. யாரு பண்ணின வேலை இது?"

தளர்த்தினால் மறுநாள் மறுபடி முறுக்கித் தொலைக்க வேண்டுமே என்ற எரிச்சலில், கொஞ்ச நாளாகவே வில்லை அப்படியே வைத்துவிட்டிருந்தாள். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளை இதே விஷயத்துக்காகத் தினமும் விரட்டுகிறவள் அவள்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் பசையம்மா தன் சொந்த வில்லை இரவல் தருவதுண்டு. ஆனால் தளர்த்தாமல் வைக்கிற கைக்குத் தரமாட்டார். இது ஊரறிந்த சட்டம். இன்று வில் இல்லையென்றால் நாற்காலியும் இல்லை.

"நான்தாங்க" என்றார் கணவர். "தொஞ்சு கிடந்துச்சு. உதவியா இருக்கட்டுமேன்னு முறுக்கி வெச்சேன்."

பசையம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு பசையம்மா உள்ளே போய்த் தன் வில்லைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "பத்திரம். இந்த ஆளை மட்டும் கிட்ட சேர்க்காதே."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"மிஷினை வெச்சது நான்தானே. பாதித் திட்டு எப்படியும் எனக்குத்தான். மீதியையும் சேர்த்து வாங்கிக்கிட்டேன். போய் வாசி."

காலையிலிருந்து தான் தம் கட்டித் திட்டிய மனுஷன் இப்படி நடந்துகொண்டால் மிச்சக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவளுக்கு அழுகையாக வந்தது. போய் வாசித்தாள். நாற்காலி கிடைத்தது.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பசையம்மா வாயிலிருந்து கதை கிளம்பி, குழு முழுக்கப் பரவிவிட்டது. கணவர் அவளை அழைத்துப்போக வரும்போதெல்லாம், "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எதை முறுக்கினீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கைகால் முளைத்தது. முதலில் கையால் முறுக்கியதாகச் சொன்னவர், பிறகு கொறடு போட்டு முறுக்கியதாகச் சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பெரிய கச்சேரியின் முழு ஒத்திகையன்று அவளைக் கொண்டுவந்து விட்டவர், தேநீர் குடிக்கும் இடத்தில் புதிதாக வந்த புல்லாங்குழல்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். பசையம்மாவும் அங்கே நின்றிருந்தார். கொறடு வரைக்கும் கதை வந்தது.

"போதும், நிறுத்துங்க!" அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். "அவர் வில்லைத் தொடவே இல்லை. முறுக்கினது நான். தளர்த்தாம வெச்சதும் நான்."

பசையம்மா கையை நீட்டினார்.

"என் வில்லைக் கொடு."

கொடுத்தாள். அவளுடைய முறிந்த வில் இன்னும் சரியாகாமல் பசையம்மாவின் கடையில்தான் கிடந்தது; இதுவரை இரவல் வில்லில்தான் வாசித்துவந்தாள்.

"எதுக்கும்மா சொன்ன?" கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு! கொஞ்சமாவது யோசிக்க மாட்டியா?" அவர் அவளிடம் இவ்வளவு எரிச்சலாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்தத் திட்டு அவளுக்குத் தேவையாக இருந்தது.

ஒத்திகைக்கு மணி அடித்துவிட்டது. பாடுபட்டு வாங்கிய நாற்காலியில் வெறும் வயலினோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரின் பெட்டியில் இரண்டாவது வில் ஒன்று இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

அவர் உடனே எடுக்கவில்லை. பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வாசிச்சு முடிச்சதும் தளர்த்துவீங்கல்ல?"