நாத்தனார்கள் சண்டை

எங்கள் ஹாலில் நின்ற இரண்டு ஸ்பீக்கர்களையும் என் மனைவி நாத்தனார்கள் என்றுதான் சொல்லுவாள். "நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து நின்னவங்க. தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது. வேற என்னன்னு கூப்பிடறது?" இடப்பக்கம் நின்றவள் மூத்தவள், வலப்பக்கம் இளையவள். இருவரும் இடுப்பளவு உயரம், மரப்பெட்டி, முகத்தில் கறுப்புத் துணி.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் வாங்கியவை. கல்யாணமாகி வந்த அன்று அவள், "கட்டில் எங்கே?" என்று கேட்டாள். "முதல்ல இதைக் கேளு" என்று பாட்டைப் போட்டேன். கட்டில் வர இன்னும் ஏழு மாதம் ஆயிற்று.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன். டேப் வைத்து அளக்காமல் எதையும் நம்பமாட்டேன். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் என் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நிற்பார். அரை முழம் தள்ளி உட்கார்ந்தாலும் ஆள் கலைந்துபோவார். ஆக, அந்த ஹாலில் பாட்டுக் கேட்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதில் நான் இருந்தேன். அவள் சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

"எப்படி இருக்கு?" என்று திரும்பாமலே கேட்பேன்.

"நல்லாருக்கு."

பதினொரு வருஷத்துக்கு முன் வீடு மாறினோம். யாரையும் தொடவிடாமல் நானே எல்லா வயரையும் மாட்டினேன். முடிந்ததும் ஒரு பெருந்தன்மை வந்து, அவளை என் நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். வேலையில் இருப்பதைப் போலவே தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள்.

"பாடுறவங்க நடுவுல இல்லையே."

"என்னது?"

"பழைய வீட்டுல நீங்க குளிக்கப் போறப்ப இதுல உக்காந்து பாத்திருக்கேன். நடுவுல நிப்பாங்க. இப்ப ஆளையே காணோம். நாத்தனாருங்களுக்குள்ள சண்டை போல, ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க."

"டெலிபோன்ல கேக்கறது வேற, இது வேற."

"ரெண்டுக்கும் ஒரே காதுதானே?"

அப்புறம் நான் முக்கால் மணி நேரம் பேசினேன். காகிதத்தில் முக்கோணம் போட்டுக்கூடக் காட்டினேன். கடைசியில் அவள் எழுந்து, "சரி, நான் சொன்னது சரியா இருந்தா இந்த நாற்காலி எனக்கு" என்றாள்.

"தாராளமா எடுத்துக்கோ" என்றேன். தோற்கவே மாட்டோம் என்று தெரிந்தவனின் தாராளம்.

எனக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அதை அவளிடம் சொல்வேனா? சுவர்தான் காரணம் என்று கனத்த திரை மாட்டினேன். தரையைச் சந்தேகப்பட்டுக் கம்பளம் விரித்தேன். புத்தக அலமாரியை மூன்று சுவருக்கும் மாற்றி மாற்றி நகர்த்தி முதுகு பிடித்துக்கொண்டது. காது டாக்டரிடம்கூடப் போனேன். காது நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் அவர் மேலேயே சந்தேகம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை. நானே மாட்டிய வயரில் தப்பு எப்படி இருக்கும்?

போன வருஷம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதம் நான் பாட்டே போடவில்லை. போட்ட அன்று இளையவள் கரகரவென்று இருமினாள். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். உள்ளே ரப்பர் விளிம்பு பொடிந்துவிட்டது, கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். வயரைக் கழற்ற டார்ச்சோடு பின்னால் குனிந்தவர் சிரித்துவிட்டார்.

"சார், இதை யாரு மாட்டினது?"

"ஏன்?"

"இந்த ஒரு பெட்டியில மட்டும் சிவப்புல கறுப்பு, கறுப்புல சிவப்பு வயரு. ஒண்ணு தள்றப்ப இன்னொண்ணு இழுக்கும். ஆளுக்கொரு பக்கம். நடுவுல எதுவும் நிக்காது. எவனோ அரைகுறை பாத்த வேலை."

"எவனோதான்" என்றேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"பதினொரு வருஷம்."

"பதினொரு வருஷமா யாருமே சொல்லலையா?"

"முதல் நாளே சொன்னாங்க."

இளையவள் திரும்பி வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க மூத்தவளோடு தனியாக இருந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் என் மனைவியிடம் 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இப்போது தினமும் காலையில் பல் தேய்க்கும்போதே அது வாய்வரை வந்து நின்றது. கேட்டுவிட்டு, "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று சொல்ல ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது நான் சமையலறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இளையவள் முந்தின நாளே வந்துவிட்டாள். வயரை ரிப்பேர்காரர்தான் மாட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏம்ப்பா இங்க உக்காந்திருக்கே? நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

"அது அம்மாவோடது. பந்தயத்துல ஜெயிச்சுட்டா."

கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குப் பதிலா நான் உக்காரட்டுமா?" என்றாள்.

"உக்காரு. முதுகை நல்லாச் சாச்சு உக்காரு."

பந்தயம் கட்டிய அன்றைக்குப் போட்ட அதே பாட்டைப் போட்டுவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினேன். அங்கே பாட்டு இல்லை. மூத்தவளின் தொம் தொம் மட்டும் சுவரில் முட்டிக்கொண்டு வந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. மிச்சத்தை ஃபிரிட்ஜின் முனகல் விழுங்கியது. முப்பத்தாறு வருஷமாக, ஏதோ ஒரு வாசலில் உட்கார்ந்து, அவள் கேட்டது இதைத்தான்.

"நடுவுல நிக்கறாங்கப்பா!" என்றாள் மகள். பிறகு திரும்பாமலே, "அங்கேர்ந்து எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றேன்.