தவளையின் நான்காம் விரல்

தவளை என்றால் சிரிப்பீர்கள். மும்பைக்குள்ளேயே குன்றை உடைத்தபோது கிடைத்த கறுப்புப் பாறையில், ஆறரைக் கோடி வருஷமாகப் படுத்திருக்கும் தவளை இது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதன் பின்னங்காலின் நான்காம் விரலில் எலும்பு ஒன்று கூடுதலாக இருந்தது. இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று மூன்று வருஷம் உழைத்துக் கட்டுரை எழுதிவிட்டேன். மாட்டுங்காவில் என் அம்மா பாதித் தெருவுக்குச் சொல்லியும் முடித்திருந்தாள்.

அதை ஆய்விதழுக்கு அனுப்பவேண்டிய நாளன்று கிளாராக்கா டீயோடு என் பின்னால் வந்து நின்றாள். தாராவிக்காரி. எங்கள் மியூசியத்தில் பாறையிலிருந்து எலும்புகளை ஊசியால் பிரித்தெடுப்பதும், உதிர்ந்ததைப் பசையால் ஒட்டுவதும் அவள் வேலை. திரையில் அம்புக்குறி போட்ட விரலைப் பார்த்தவள், டீயை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள்.

எதை எங்கே ஒட்டினாலும் அதில் எழுதிவைப்பாள், தமிழில். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. நானே அப்போது கடைப் பலகையை எழுத்துக்கூட்டுகிறவள்தான்.

"ஹரிதா, இந்த எலும்பு இந்தத் தவளையோடது இல்ல. பன்னெண்டு வருஷம் முன்ன உதுந்த துண்டு. பக்கத்துல கெடந்த இன்னொரு தவளையோடதா இருக்கும். இடம் சரியாத் தெரியாம இங்க ஒட்டுனது நாந்தான். சந்தேகம்னு அன்னைக்கே எழுதியிருக்கேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, மூணு வருஷம் கழிச்சு இப்பவா சொல்றது?"

"நீ இப்பதான எனக்குக் காட்டுத."

மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவளிடம் நான் கேட்கவில்லை.

பாறையை எடுத்துவைத்து, பசையைக் கரைக்கும் அசிட்டோனை அந்த விரலில் ஒரு சொட்டு விட்டாள். சற்று நேரத்தில் என் புதிய இனம் அவள் ஊசிமுனையில் வந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

"வாயத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா. உங்களுக்கும் கெட்ட பேர் வந்திருக்காது."

"ஆறரைக் கோடி வருஷமா ஒரு பொய்யும் சொல்லாமக் கெடந்த சீவன். அத நாம பொய் சொல்ல வைக்கலாமா?"

சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வேறு டீ போடப் போனாள். தன் தப்பைத் தானே தேடியெடுத்து உரக்கப் படித்த அவளைப் போல ஒரு விஞ்ஞானியை நான் பார்த்ததில்லை.

கட்டுரையில் பாதிக்கு மேல் வெட்டினேன். எலும்பைப் பசையால் ஒட்டிய கதையையும் ஒளிக்காமல் சொல்லும் நான்கு பக்கம் மிஞ்சியது. எழுதியவர்கள் என்று மேலே இரண்டு பெயர்கள். முதல் பெயர் கிளாரா.