பூட்டுமூடி

பழைய காரில் புது இன்ஜின் ஏறி இருபது நாள் ஆகியிருந்தது. அதற்குள் டிரைவருக்கு ஆறு முறை தலை சுற்றிவிட்டது. ஓட்டும்போது ஒன்றுமில்லை. முதலாளியை அலுவலகத்தில் இறக்கிவிட்டு, மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருந்தால் மட்டும் நெற்றி கனக்கும், கால் பஞ்சாகும். ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

அன்றும் இறங்கியவர் தடுமாறித் தூணைப் பிடித்தார். படியில் மேனேஜர் நின்றிருந்தார்.

"என்னய்யா, காலையிலேயேவா?"

"நான் அதத் தொட்டதே இல்ல சார். ஊதிக் காட்டவா?"

ஊதினார். மேனேஜர் மூக்கைச் சுளித்தார்.

"பெட்ரோல் நாத்தம். எதக் குடிச்சு எத வச்சு மறைக்கிறியோ. அஞ்சு மணிக்குக் காரணத்தக் கொண்டா, இல்ல சாவியக் கொண்டா."

இன்ஜின் மாற்றிய பட்டறையில்தான் அவர் தங்கை மெக்கானிக். கண்ணாடியை இறக்கிவிட்டு நேரே அங்கே போனார். கதையைக் கேட்டவள் டிக்கியைத் திறந்து பாயைப் புரட்டினாள். பின்சீட்டை ஒட்டிப் பெட்ரோல் டாங்க். அதன் தலையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய், வாயைத் திறந்தபடி. கையில் போட்டிருந்த ரப்பர் உறையைக் கழற்றி அதில் மாட்டி, நூலால் கட்டினாள்.

"இன்ஜின அணைச்சிட்டுச் சும்மா பாருண்ணே."

உறை சுருங்கிக் கிடந்தது. பிறகு மெல்ல உப்பியது. ஐந்து விரலும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"பழைய இன்ஜினுக்குக் கேட்ட அளவுதான் பெட்ரோல் போகும். இதுக்குப் பம்ப் நெறைய அனுப்பும். குடிச்சது போக மிச்சம் சூடாகி டாங்குக்கே திரும்பி வரும். ஓடுறப்போ பெட்ரோல் குறையுது, டாங்க் காத்த உள்ள இழுக்குது. நின்னதும் சூட்டுல ஆவி வெளிய தள்ளுது. எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால."

"அப்ப குடிகாரன் நான் இல்ல, டாங்கு."

"முன்னாடி இருந்த பெட்ரோல் மூடியில ஒரு ஓட்டை இருந்துச்சு, ஆவி வெளிய போயிடும். இந்த மூடிய யாரு போட்டா?"

"மேனேஜர். நான் பெட்ரோல் திருடுறேன்னு பூட்டுமூடி வாங்கிப் போட்டாரு."

தங்கை குழாயின் வாயைத் தடவிப் பார்த்தாள். "இந்தக் குழாய நாங்களும் பாத்திருக்கணும்" என்றாள்.

"அடைச்சிட்டா?"

"நின்னா டாங்க் உப்பும், ஓடுனா ஒடுங்கும். மூச்ச அடைக்கக் கூடாதுண்ணே, வழி மாத்தணும்."

மூன்று மணி வரை இருவரும் வண்டிக்கடியில் கிடந்தார்கள். அவர் குழாயைப் பிடிக்க, அவள் கவ்வியை முடுக்கினாள். முடிந்ததும் நகரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியை ஏற்றி அரை மணி உள்ளே உட்கார்ந்தார். தலை தெளிவாக இருந்தது.

ஐந்து மணிக்கு மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ரப்பர் உறையைக்கூட வாங்கிப் பார்த்தார்.

"சரி, வண்டி சரியாயிடுச்சுல்ல. ஆனா புது ஆள் வந்துட்டான். வரச் சொல்லிட்டுத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கையை நீட்டினார்.

சாவியைக் கொடுத்து, சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு டிரைவர் வாசலுக்கு வந்தார். மழை வலுத்திருந்தது. காருக்குள் புது டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்து நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தான். டாங்கின் ஆவி இப்போது டிக்கியின் உச்சிவரை ஏறி, தரைக்கடியில் முன்னால் போய், ஒரு கரி டப்பாவில் தங்குகிறது. இன்ஜின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடுகிறது. உள்ளே துளி வாசமில்லை.