தளம் சேராத நடைக்கூடம்

கம்பெனி தொடங்கியபோது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கைவண்டியும்தான் சொத்து. அவளுடைய அண்ணன் கொத்து வேலை பார்த்தார். கணவர் பிளான் போட்டு மரவேலையும் பார்த்தார். இருவருக்கும் ஒரே தூக்குச்சட்டியில்தான் அவள் மதியச் சாப்பாடு கொண்டுபோவாள்.

"மாப்பிள்ளை, உங்க மரத்தூள் பூரா என் தட்டுலதான் இருக்கு."

"உங்க சுண்ணாம்பைத் தின்னு நான் செத்தா போயிட்டேன் மச்சான்?"

சாரத்தில் நிற்பவர்கள்கூடச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

பிறகு ஊரில் பாதிக் கட்டடம் அவர்கள் கட்டியது என்றானது. ஒருநாள், வீடு கட்ட வந்த ஒருவர் முன்னால் கணவர் போட்ட பிளானை அண்ணன் பார்த்து, "இது வீடா, கோழிக்கூடா?" என்று கேட்டுவிட்டார். கணவர் பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது. மேஸ்திரிதான் தூது போனார். "நான் மேஸ்திரியா, தபால்காரனாம்மா?" என்று அவளிடம் அலுத்துக்கொள்வார்.

கையில் இருந்த ஆஸ்பத்திரிக் கட்டட வேலை முடிந்ததும் பிரிந்துவிடுவது என்று முடிவானது. பிரிந்தால் கணவர் அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், தன்னையும் அனுப்பமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தூக்கில் சாப்பாடு கொண்டுபோனாள்.

தெருப்பக்கக் கட்டடம் அண்ணனுக்கு, பின்பக்கம் கணவருக்கு, நடுவில் இரண்டையும் சேர்க்கும் நடைக்கூடம். வாசலில் குறி வைத்து, அதிலிருந்து தரை மட்டம் எடுப்பதுதான் கம்பெனி வழக்கம். எல்லா வீட்டுக்கும் ஒரு தலைவாசல்தானே? இங்கே இரண்டு. எந்த வாசல் என்று இவர் அவரைக் கேட்கவில்லை; அவரும் இவரைக் கேட்கவில்லை. ஆளுக்கொரு வாசலில் மட்டம் எடுத்தார்கள். நடைக்கூடத்தில் இரண்டு தளமும் வந்து சேர்ந்தபோது ஒரு சாண் உயர வித்தியாசம்.

அவள் போனபோது அண்ணன் மேலே நின்றார், கணவர் கீழே.

"மேஸ்திரி, கீழ நிக்கிறவரைக் கேளுங்க, மட்டம் எங்க எடுத்தாருன்னு."

"என் வாசல்லதான்னு மேல நிக்கிறவர்கிட்ட சொல்லுங்க."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "கை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிறீங்க. இதுக்கொரு தூதா? ரெண்டு பேருக்கும் காது அடைச்சுப் போச்சா?" விறுவிறுவென்று போய்விட்டார்.

வெளியே ஜல்லி கொட்டும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. எதையாவது சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை. அவளுக்கு இவர்கள் இருவரையும் தெரியும்.

கணவர் குந்தி உட்கார்ந்து தளத்தின் விளிம்பைத் தடவினார். "படி வெச்சா நோயாளியைக் கட்டிலோட தள்ளிட்டுப் போக முடியாது," என்றார், சுவரிடம் சொல்வதுபோல.

"சரிவா இறக்கணும்," என்றார் அண்ணன், கூரையைப் பார்த்து.

"எவ்வளவு நீளத்துக்கு?"

அண்ணன் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "பிளான் போடுறது நீங்கதானே. போடுங்க, மாப்பிள்ளை."

நனைந்த கண்ணை மறைக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரிவுக்கு இருவருமே கொத்துக்கரண்டி பிடித்தார்கள். ஆனாலும் கம்பெனி பிரிந்தது. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளும் ஆட்கள் இல்லை. ஒரே தெருவில் இரண்டு பெயர்ப்பலகை தொங்கியது.

மறுவருடம் ஒரு காலையில் அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மாப்பிள்ளை இருக்காரா? என் வீட்டுக்கு மாடி எடுக்கணும். ஒரு கோழிக்கூடு போட்டுத் தரச் சொல்லு."

அவள் கூப்பிட உள்ளே திரும்பினாள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பாதித் தூரம் வந்திருந்தார்.