நல்ல தண்ணீர்க் கிணற்றின் வழக்கு

கோயில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கியதும் வேலணைத் தீவில் அந்தக் குறிச்சி முழுவதும் மனோகரியின் வீட்டைத்தான் பார்த்தது. போன திருவிழாவோடு பிள்ளைகளுடன் குடிவந்தவள் அவள். சுற்றுவட்டாரத்தில் குடிக்கத் தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான்.

அவளை மறிப்பதற்கென்றே கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. மனோகரி வாசலுக்கு வெளியே வெறுங்குடத்தோடு நின்றாள். உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பிக்கும் சிவரூபி முன்வரிசைக் கதிரையில் இருந்தாள்.

“உவை வந்த பிறகுதான் தண்ணி சவர்த்துப் போச்சு. ஆனபடியால் உவையாலைதான்,” என்றார் கோயில் சபைத் தலைவர் பரமலிங்கம். காலி நகரில் கடை நடத்திய காலத்து அதட்டல் குரல் இன்னும் குறையவில்லை.

சிவரூபி எழுந்தாள்.

“அண்ணை, உங்கடை எடுகூற்று சரி. அவை வந்த பிறகுதான். ஆனால் அந்த முடிவு அதிலையிருந்து வராது. அதே திருவிழாவுக்குத்தானே கிணத்துக்கு மோட்டரும் பூட்டினீங்கள்? வாளி மேல்தண்ணியை அள்ளும். மோட்டர் அடியிலை கிடக்கிற உப்பையெல்லோ இழுக்கும். கொஞ்ச நாள் நிப்பாட்டிப் பாப்பமே?”

“கனடாவிலை இருக்கிற எங்கடை ஊர்ப் பிள்ளையள் காசு அனுப்பி, தங்கடை பேர் வெட்டிப் பூட்டின மோட்டர். நிப்பாட்டினால் கோவிப்பினம்.”

“அது பயம், அண்ணை. காரணம் இல்லை.”

மண்டபம் சிரித்தது. பரமலிங்கத்தின் முகம் சிவந்தது.

“கலியாணமும் கட்டாத நீரோ எனக்குக் கிணறு படிப்பிக்கிறீர்?”

“உதுக்கும் பேர் இருக்கு. ஆளைத் தாக்கும் போலி எண்டு தர்க்கத்திலை சொல்லுவினம், பிழையான நியாயம். என்னைப் பற்றிச் சொன்னியள். தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“மனோகரியோ, கிணறோ? ரெண்டிலை ஒண்டு! கையை உயர்த்துங்கோ!”

“வழி ரெண்டுதான் எண்டு ஆர் சொன்னது? உதுவும் போலிதான்!”

அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. மனோகரி வீட்டார் அக்கிணற்றில் அள்ளக்கூடாது என்று தீர்மானமாயிற்று. பரமலிங்கத்தின் மனைவி அன்னபூரணம் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்ததைச் சிவரூபி கண்டாள்.

மறுநாள் காலை சிவரூபி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தன் வாளியால் அள்ளி மனோகரியின் குடத்தை நிரப்பினாள். பரமலிங்கம் பாய்ந்து வந்தார்.

“தீர்மானம் தெரியாதோ?”

“தெரியும். அவ அள்ளக்கூடாது. அவ அள்ளேல்லையே, நானெல்லோ அள்ளுறன்.”

“நீரும் அள்ளக்கூடாது எண்டு நாளைக்கே எழுதுவன்!”

“எழுதுங்கோ. அப்ப அன்னபூரணம் அக்கா அள்ளுவா.”

பூசைக்குப் பூ கொண்டு வந்துகொண்டிருந்த அன்னபூரணம் நின்றாள். கணவரைப் பார்த்தாள். பிறகு பூக்கூடையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

“ஓம், அள்ளுவன். நீங்கள் போய் உந்த மோட்டரை நிப்பாட்டுங்கோ.”

அன்று அம்மனுக்குப் பூ சற்றுப் பிந்தித்தான் போனது. அம்மன் கோவித்திருக்க மாட்டாள்.